முரசு நோய்: சிகிச்சைக்குப் பின் என்ன?

“பல் கிளீன் பண்ணுவதற்கு முன் நல்லாய்த்தான் இருந்தது. பண்ணின பிறகுதான் ஆடத் தொடங்கியது.”

கிண்ணியாவிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடையே செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டதற்கு அவர்கள் கொடுக்கும் விளக்கம் பிழையானது. அந்த விளக்கத்தை நம்பி, ஒரு தடவை சிகிச்சை பெற்றவர் இரண்டாம் தடவை போகாமல் விடுகிறார். அவர் சொல்லக் கேட்ட அயலவரோ முதல் தடவையே போவதில்லை. சில வருடங்களில் இருவருக்கும் பல் போகிறது. “வயது போனால் பல்லும் போகும்தானே” என்று தம்மைத் தாமே தேற்றிக் கொள்கிறார்கள். நாற்பது வயதைப் ‘போன வயது’ என்று எந்தக் கமக்காரனும் வயலில் ஒத்துக்கொள்ள மாட்டான். பல் விடயத்தில் மட்டும் ஏனோ ஒத்துக்கொள்கிறான்.

தமிழ்நாட்டார் ஈறு என்று சொல்வதைத்தான் நாம் இங்கே முரசு என்கிறோம். முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, வாய் நாறி, பல் ஆடும் நிலைக்கு வந்த பின் வைத்தியசாலைக்குச் சென்று கல்லை அகற்றிக் கொண்டவர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் அதன் பின் செய்ய வேண்டியவை பற்றியே இங்கு பிரதானமாக எழுதுகிறோம். சிகிச்சைக்கு இன்னும் போகாதவர்களும் வாசித்தால் பயன் உண்டு.

கதியாலும் மண்ணும்

வேலிக்கு நட்ட கதியால் உறுதியாக நிற்பது அதன் அடியிலுள்ள மண்ணினால். பல் நிற்பதும் அவ்வாறே. பல்லின் வேரைத் தாடை எலும்பு பிடித்திருக்கிறது. எலும்புக்கும் வேருக்கும் இடையில் மெல்லிய நார்கள் உள்ளன. மேலே முரசு போர்வைபோல் மூடியிருக்கிறது.

நாம் உண்டபின் பல்லின் மேல், குறிப்பாக முரசும் பல்லும் சேரும் ஓரத்தில், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வழுவழுப்பான படலம் படிகிறது. அது வெறும் சாப்பாட்டு மிச்சம் அல்ல. கிருமிகள் கூட்டமாகக் குடியிருக்கும் படலம். தினமும் தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்து அதில் இறங்கிக் கல்லாக இறுகும். இதையே பற்காரை என்கிறோம். இறுகிய பின் எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது. கல்லின் கரடுமுரடான மேற்பரப்பில் மேலும் படலம் படியும். கிருமிகளை எதிர்த்து உடல் போராடும்போது முரசு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் வருகிறது. இந்த அளவில் நின்றால் பாதிப்பு முற்றாக மாறக்கூடியது. நிற்காவிட்டால் முரசு பல்லைவிட்டு விலகி, இடையில் ஒரு பை உண்டாகிறது. பைக்குள் தூரிகை எட்டாது. உள்ளே கல் வளர, எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. வலி பெரும்பாலும் இருக்காது. வலி இல்லாததால்தான் இந்த நோய் எமது வீடுகளில் இவ்வளவு தாராளமாக உலாவுகிறது.

இப்போது அந்த முறைப்பாட்டுக்கு வருவோம். மழை வெள்ளம் கதியாலின் அடி மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் சுற்றிவரக் குப்பையும் சேறும் ஒதுங்கி இறுகிக் கிடக்கின்றன என்று வையுங்கள். கதியால் அசையாமல் நிற்கும். குப்பையை வாரி எடுத்ததும் ஆடும். கதியாலை ஆட்டிவிட்டது குப்பையை எடுத்தவனா, மண்ணைக் கரைத்த வெள்ளமா? பல் வைத்தியர் எடுத்தது கல்லை மட்டுமே. எலும்பு அதற்குப் பல காலம் முன்னரே போய்விட்டது. பல்லுக்குப் பல் ஒட்டிக் கிடந்த கல், ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கல்லைப் போக்கியபின் வீக்கம் வற்ற, சிறிது ஆடிய பற்கள் பல சமயம் சில வாரங்களில் முன்னையிலும் இறுகுவதை நாம் பார்க்கலாம். எலும்பு மிக அதிகமாகப் போன பல்லைக் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. அதை வைத்தியரே சொல்வார்.

இன்னும் இரண்டு முறைப்பாடுகள் உண்டு. பல்லுக்கிடையில் இடைவெளி தோன்றிவிட்டது என்பது ஒன்று. குளிர்ந்த நீர் பட்டால் சுள்ளென்று கூசுகிறது என்பது மற்றது. வீங்கியிருந்த முரசு வற்றிச் சுருங்கும்போது, கல் இருந்த இடம் வெற்றிடமாகிறது. வேரின் ஒரு பகுதி வெளியே தெரிகிறது. வேருக்கு மேல் எனாமல் கவசம் இல்லாதபடியால் கூசுகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் கூச்சம் குறையும். கூச்சத்துக்கென விற்கப்படும் பற்பசையைத் தொடர்ந்து பாவித்தால் உதவும். இடைவெளி நிரம்பாது. அதைத் துப்புரவாக வைத்திருப்பதே வேலை.

தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆய்வு

முரசு நோயைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் முழுவதும் உள்ள பல் மருத்துவ மாணவர்கள் ஒரு ஆய்வின் மூலம் படிக்கிறார்கள். அந்த ஆய்வு நடந்தது எமது நாட்டில். அதில் வாயைத் திறந்து காட்டியவர்கள் மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குக்கு வந்த குடும்பங்கள் உண்டு. இப்பக்கங்களை வாசிப்போரில் சிலருக்கு இது சொந்த ஊர்க் கதையாகவும் இருக்கலாம்.

நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1970 இல் பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன், ஹரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். பதினைந்து வருடங்கள், 1985 வரை, இடையிடையே வந்து அளந்தார்கள். இத்தொழிலாளர்களுக்குப் பல் தூரிகையும் பழக்கமில்லை, பல் வைத்தியமும் கிடைக்கவில்லை. வியப்பு என்னவென்றால் அவர்களிடம் சூத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. பல் ஒவ்வொன்றும் நல்ல பல்; ஆனால் அதைத் தாங்கிய அடித்தளம் கரைந்துகொண்டிருந்தது.

1986 இல் முடிவுகள் வெளிவந்தன. நூற்றுக்கு 8 பேரிடம் நோய் மிக வேகமாக ஓடியது. இவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும் இழந்திருந்தார்கள். 45 வயதில் வாயில் பல் இல்லை. நூற்றுக்கு 81 பேரிடம் நோய் மிதமான வேகத்தில் சென்றது. இவர்கள் 45 வயதளவில் சராசரி 7 பற்களை இழந்தார்கள். எஞ்சிய 11 பேருக்கு முரசு வீக்கம் இருந்தும், அது உள்ளே இறங்கவில்லை. மூன்று கூட்டத்தாரின் வாயிலும் அழுக்கும் கல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே, “என் அப்பு ஒரு நாளும் பல் தேய்த்ததில்லை, எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார்” என்று யாராவது சொன்னால் நாம் மறுக்க வேண்டியதில்லை. அப்பு அந்த 11 பேரில் ஒருவர். பேரன் எந்தக் கூட்டத்தில் பிறந்திருக்கிறான் என்பது பல் ஆடும்வரை தெரியாது.

2010 இல் ஆய்வாளர்கள் திரும்பி வந்து தேடியபோது 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. நாற்பதாண்டுக் கணக்கு அது. இந்த ஆய்வைப் பற்றி எழுதும்போது எமக்கு ஒரு உறுத்தல் இல்லாமல் இல்லை. எந்தச் சிகிச்சையும் எட்டாத மக்களிடம்தான் நோயின் இயற்கையான போக்கைப் பார்க்க முடியும் என்று தேடியபோது, உலகில் அகப்பட்டவர்கள் எமது தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுடைய இழப்பிலிருந்து பிறந்த அறிவை அவர்களைப் போன்றவர்களே பயன்படுத்தாமல் விடக்கூடாது என்பதற்காகவே இதை இங்கு விரிவாக எழுதினோம்.

சிகிச்சைக்குப் பின் என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. இதே லோ 1965 இல் டென்மார்க்கில் பன்னிரண்டு பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். நல்ல முரசுள்ளவர்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் முரசு வீங்கிவிட்டது. மீண்டும் தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் வீக்கம் போயிற்று. ஆகவே வீட்டில் ஒரு கிழமை கவனமின்மை என்பது சிறிய விடயமல்ல.

சுவீடனில் அக்செல்சன், லின்டே என்ற இருவர் 1981 இல் வெளியிட்ட ஆய்வு எமது விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது. முற்றிய முரசு நோய்க்கு முழுச் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுத் துப்புரவாக்கி, வீட்டில் தேய்க்கும் முறையையும் திருத்தினார்கள். மற்றப் பகுதியினர் அப்படிக் கூப்பிடப்படவில்லை. ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது முதற் பகுதியினரின் முரசு சிகிச்சை முடிந்த நாளில் இருந்தது போலவே இருந்தது. மற்றவர்களிடம் பைகள் மீண்டும் ஆழமாகி நோய் திரும்பியிருந்தது. இரு பகுதியினரும் பெற்ற சிகிச்சை ஒன்றுதான். பின்னே வந்த கவனிப்பில்தான் வேறுபாடு.

காரணம் எளிது. பைகளைத் துப்புரவாக்கிய பின், நோயை உண்டாக்கும் கிருமிக் கூட்டம் மீண்டும் குடியேற ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் எடுக்கும். கோரையை ஒரு தடவை பிடுங்கிவிட்டு ‘முடிந்தது’ என்று வரம்பில் இருப்பவன் எமது ஊரில் இல்லை. கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஓடிய குடும்பங்களின் நிலை

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் தனியான கஷ்டம் உண்டு. தொடர் கவனிப்பு என்பது ஒரே இடத்தில் நிலைத்திருப்பவனுக்கு இலகு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது கிண்ணியாவில் வீடுகள் மட்டுமல்ல, வைத்தியசாலையும் அழிந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் உடுத்த உடுப்புடன் ஓடி வந்தன. சம்பூர் மக்கள் அதே வருடம் வெளியேறிக் கிளிவெட்டி முதலான இடங்களில் வருடக் கணக்காக முகாம் வாழ்க்கை வாழ்ந்து, 2015 க்குப் பிறகே சொந்த மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். இத்தகைய ஓட்டத்தில் பல் தூரிகையை யார் எடுத்தார்? கிளினிக் கொப்பியை யார் தேடினார்? முகாமில் கொடுத்த பொதியில் சவர்க்காரம் இருந்தது, அரிசி இருந்தது. குடும்பத்துக்கு ஒரே தூரிகை என்றால் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் விரலால் தேய்த்தார்கள். அந்த வருடங்களின் கணக்கு இன்று நாற்பது, ஐம்பது வயதானவர்களின் வாயில் எழுதப்பட்டிருக்கிறது.

அக்காலத்தில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பட்டணத்துக்குப் போவதென்றால் துறைக்கு வந்து பாதையில் கடக்க வேண்டும். பல்லுக்காக ஒரு நாள் கூலியை இழந்து அப்படிப் போனவர் குறைவு. போனவரும் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வரத்தான் போனார். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அந்த நியாயம் பெருமளவுக்குக் குறைந்துவிட்டது. அரசாங்க வைத்தியசாலைகளின் பல் கிளினிக்கில் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரு நாளை ஒதுக்கும் விடயம்.

அதற்கு நாம் ஒரு வழியைச் சிபாரிசு செய்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. போகத்தோடு சேர்த்துக் கொள்ளுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன் புரட்டாதியில் ஒரு தடவை. விதைத்து, களையும் பார்த்துச் சற்று மூச்சு விடும் மார்கழியில் ஒரு தடவை. வெட்டி முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின் பங்குனியில் ஒன்று. சிறுபோகத்தின் நடுவே ஆனியில் ஒன்று. இந்த நாலு மாதங்களுக்கும் இடையில் சரியாக மும்மூன்று மாதம் இருப்பதைக் கவனியுங்கள். எல்லோருக்கும் நாலு தடவை தேவை என்பதில்லை. முரசு நன்றாக ஆறி, இரத்தம் வராமல், பைகள் சுருங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்று வைத்தியர் சொல்லக்கூடும். அதை அவர் சொல்லட்டும். நாமாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சை முடிந்த முதல் வருடத்தில் மும்மாதத் தவணையைப் பிடிவாதமாகக் காப்பது நல்லது.

கிளினிக்கில் தந்த துண்டை அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றுடன் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். அதுவும் தொலைந்தால் பாதகமில்லை. புதிய இடத்திலுள்ள பல் வைத்தியரிடம் “எனக்கு முரசு நோய்க்குச் சிகிச்சை நடந்தது, இன்ன வருடம், பைகளுக்குள்ளும் துப்புரவாக்கினார்கள்” என்று சொன்னால் போதும். “பல் வலி” என்று மட்டும் சொல்லி வரிசையில் நின்றால் வலிக்கிற பல்லை மட்டுமே பார்ப்பார்கள். நெரிசலான கிளினிக்கில் அது இயல்பு. நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்பதை நீங்களே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் தினமும்

மும்மாதத்துக்கு ஒரு தடவை வைத்தியர் செய்வது அரை மணி வேலை. மற்றதெல்லாம் உங்கள் கையில்.

மிருதுவான தூரிகையே வேண்டும். கடினமான தூரிகை நன்றாகத் தேய்க்கும் என்பது தவறு. சிகிச்சைக்குப் பின் வெளியே தெரியும் வேரை அது அராவி விடும். தூரிகையைப் பல்லுக்கு நேராக வைக்காமல், முரசின் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரித்து வைத்து, அந்த இடத்திலேயே சிறு சிறு அசைவாக ஆட்டுங்கள். பிறகு அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். உட்புறத்தை, விசேஷமாகக் கீழ் முன்பற்களின் பின்புறத்தை மறக்க வேண்டாம். கல் முதலில் படிவது அங்கேதான். நாக்கால் தடவினாலே கரடு தெரியும். காலையில் ஒரு தடவை, இரவு படுக்க முன் ஒரு தடவை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவையே தெரிவு செய்யுங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைவு, கிருமிகளுக்கு வசதி. நோன்பு காலத்தில் எமது முஸ்லிம் சகோதரர்கள் சஹர் உணவுக்குப் பின்னும் இரவில் படுக்க முன்னும் தேய்த்தால் இந்த ஒழுங்கு குலையாது.

இரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்துபவர்களே அநேகர். இரத்தம் வருவது அந்த இடத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்பதற்கு அறிகுறி. மெதுவாக, ஆனால் தவறாமல், அதே இடத்தைத் தேய்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் உள்ளே கல் இருக்கிறது என்று கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.

மிஸ்வாக் பற்றி எம்மிடம் கேட்பவர்கள் உண்டு. அது உகாய் மரத்தின் குச்சி. நுனியை மென்று தும்பாக்கி, ஒழுங்காகப் பாவித்தால் நல்ல கருவிதான். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் எமது முன்னோர் புகழ்ந்ததும் வீணாக அல்ல. ஆனால் குச்சி முன்பற்களுக்கு எட்டுவதுபோல் கடைவாயின் உட்புறத்துக்கு எட்டாது. முரசு நோயோ கடைவாய்ப் பற்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. ஆகவே சிகிச்சை பெற்றவர்கள் மிஸ்வாக் பாவிப்பதோடு இரவில் தூரிகையையும் பாவிப்பது நன்று.

கரி, செங்கல் தூள், மணல், கல் உப்பு இவை வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை உள்ளவர்கள் இவற்றால் உரஞ்சுவதைப் பார்க்கிறோம். வட மத்திய மாகாணத்திலும் உலர் வலயத்தின் வேறு பல பகுதிகளிலும் கிணற்று நீரில் புளோரைட்டு அதிகம். அந்த நீரைச் சிறு வயதில் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை பல்லோடு பிறந்தது. எவ்வளவு உரஞ்சினாலும் போகாது, பல்தான் தேயும். அந்தக் கறைக்கும் முரசு நோய்க்கும் சம்பந்தம் இல்லை.

பல்லுக்கு இடையில் தூரிகை போகாது. சிகிச்சைக்குப் பின் இடைவெளி உள்ளவர்களுக்கு, போத்தல் கழுவும் தூரிகையைப் போன்ற, ஆனால் மிகச் சிறிய தூரிகைகள் உண்டு. பட்டணத்துப் பார்மசிகளில் கேட்டுப் பார்க்கலாம். இடைவெளியின் அளவுக்கு எந்த எண் பொருந்தும் என்று வைத்தியரைக் கேளுங்கள். ஒன்றைக் கழுவிக் கழுவிப் பல நாள் பாவிக்கலாம். நெருக்கமான பற்களுக்கு மெழுகிட்ட பல் நூல். வரம்பில் இருந்துகொண்டு ஈர்க்கால் குத்துவதை இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. ஈர்க்கு இறைச்சித் துண்டை எடுக்கும், படலத்தை எடுக்காது, முரசையும் கிழிக்கும்.

வெதுவெதுப்பான நீர் ஒரு குவளையில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொப்பளிப்பது சிகிச்சை முடிந்த முதல் நாட்களில் இதமாக இருக்கும். ஆனால் கொப்பளிப்பது தேய்ப்பதற்குப் பதிலாகாது. குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீரை வைத்தியர் தந்திருந்தால் அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும், பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேற்படாமல், பாவியுங்கள். நீண்ட நாள் பாவித்தால் பல் கறுக்கும். பற்பசையால் தேய்த்த உடனே அதைக் கொப்பளித்தால் மருந்தின் பலம் குறைந்துவிடும். அரை மணி பொறுக்க வேண்டும். முரசு வீங்கும்போதெல்லாம் பார்மசியில் நாலு குளிசை வாங்கி விழுங்கிவிட்டு, வீக்கம் வற்றியதும் வயலுக்குப் போவது எமது கமக்காரரிடையே வழக்கமாகி வருகிறது. குளிசை கல்லைக் கரைக்காது. வீக்கம் வற்றினாலும் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

வெற்றிலையும் புகையிலையும் பற்றிச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். சொல்லாமல் விட முடியாது. புகைப்பவர்களுக்கு முரசில் இரத்தோட்டம் குறைவதால் இரத்தக் கசிவும் குறைவாகத் தெரியும். “எனக்கு இரத்தம் வருவதில்லை, முரசு நல்லது” என்று அவர் நினைப்பார்; உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கும். சிகிச்சை பெற்றாலும் அவருக்கு ஆறுவது மற்றவர்களைவிடக் குறைவு. பாக்கோ தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் தீர்ப்பளித்துவிட்டது. எமது நாட்டில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயோடு சம்பந்தப்பட்டதே. மும்மாதத்துக்கு ஒரு தடவை பல் வைத்தியர் வாயைப் பார்ப்பதில் இந்த நன்மையும் உண்டு: வெள்ளைத் தழும்பு, ஆறாத புண் ஏதும் இருந்தால் அவர் கண்ணில் முதலில் படும்.

நீரிழிவு உள்ளவர்களும் தாய்மாரும்

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் வேகமாக முற்றும். மறுபுறத்தில், முரசு நோய் உள்ளவர்களுக்குச் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினம். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. முரசுக்கு நல்ல சிகிச்சை நடந்தால் சீனியின் அளவும் ஓரளவு இறங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாதாந்தம் சீனிக் குளிசைக்கு வைத்தியசாலைக்குப் போகும் பெரியவர்கள் அதே வளவில் இருக்கும் பல் கிளினிக்கின் கதவைத் தட்டாமல் திரும்புவது எமக்கு விளங்காத ஒன்று. பஸ் காசு ஏற்கனவே செலவாகிவிட்டது. அதே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாம்.

கர்ப்ப காலத்தில் முரசு அதிகமாக வீங்குவது பல தாய்மாரின் அனுபவம். “பிள்ளை பிறக்கும்வரை பல்லில் கை வைக்கக் கூடாது” என்று மாமிமார் சொல்வார்கள். அது சரியல்ல. கர்ப்பிணிகளுக்குப் பல் துப்புரவாக்குவது பாதுகாப்பானது. எமது நாட்டின் தாய்சேய் நல சேவையிலேயே கர்ப்பிணிகளைப் பல் கிளினிக்குக்கு அனுப்பும் ஒழுங்கு உண்டு. குடும்ப நல உத்தியோகத்தர் துண்டு தந்தால் அதை மடித்து வைத்துவிட வேண்டாம்.

தவணை வரும்வரை காத்திராமல் உடனே போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. முரசில் சீழ்க்கட்டி தோன்றினால், இறுகியிருந்த பல் மீண்டும் ஆடினால், கடிக்கும்போது பற்கள் முன்னர் போல் பொருந்தாமல் விலகினால், இரண்டு வாரமாகியும் வாய்ப்புண் ஆறாவிட்டால் போகத்தைப் பார்க்க வேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது விழுங்க முடியாமல் போனால், அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. இரவென்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சில கிராமங்களில் கமக்கார அமைப்புக் கூட்டத்திலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் இவ்விடயத்தைப் பேசியபோது, தனியாகப் போகத் தயங்குபவர்கள் கூட்டாகப் போக ஆயத்தமாக இருப்பதைக் கண்டோம். பங்குனியில் வெட்டு முடிந்த கையோடு ஒரு நாளைக் குறித்து, கிளினிக்கில் முன்கூட்டியே பேசி, எத்தனை பேரை அன்று பார்க்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளைப் பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் அறிவிக்கச் சொல்லலாம். நெல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில் பத்துப் பேர் போய் வரலாம். டீசல் செலவைப் பகிர்ந்தால் ஆளுக்குச் சொற்பம். பெயர்ப் பட்டியலை எழுதுபவர், அதே தாளில் ஆனி மாதத் தவணைக்கும் ஒரு நிரலை விட்டு எழுதட்டும்.